வீடு பார்க்க வர்ற நாள்

எனக்கு அவ மேல பொறாமைன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். அவருக்கு என்ன தெரியும். என் ஓரகத்திகிட்ட இருக்கற வீடும் சரி, அந்த அடுக்களை ஜன்னலும் சரி, எதிர்ல இருக்கற பூங்காவும் சரி, எல்லாமே நான் வித்தது. என் கையாலதான் சாவி கொடுத்தேன். கொடுத்தவளுக்கு வயிறு எரியக்கூடாதா? எரியும். அதுக்குப் பேரு பொறாமைன்னா இருந்துட்டுப் போகட்டும். இல்லைன்னு நான் எப்ப சொன்னேன்.

நான் வீடு விக்கிற ஏஜென்ட். எங்க ஆபீஸ்ல இந்தப் பகுதி முழுக்க என் பொறுப்பு. ஊருக்கு வெளியே, மெயின் ரோட்டை விட்டு உள்ள தள்ளி, ஒரே மாதிரி வரிசையா வீடுங்க. முன்னாடி ஒரு கார் நிக்கற இடம், பக்கவாட்டுல இடுப்பு உயரத்துக்கு வேலிச்செடி, மாடியில ரெண்டு ரூம். விளம்பரத்துல "குடும்பத்தோட வாழ ஏத்த இடம்"னு போடுவோம். உண்மையைச் சொல்லட்டுமா? வீட்டைப் பார்த்து யாரும் வீடு வாங்கறதில்லை. சுவரு எங்க போனாலும் சுவருதான். வாங்க வர்றவங்களை நாங்க பார்ட்டின்னு சொல்வோம், அந்தப் பார்ட்டி கார்ல இருந்து இறங்கினதும் முதல்ல தெருவைத்தான் பார்ப்பாங்க. இங்க யாரு இருக்காங்க, நம்ம பிள்ளைங்க யாரோட விளையாடும், நமக்கு ஒண்ணுன்னா யாரு ஓடி வருவாங்க. இதுதான் அவங்களுக்குத் தெரியணும்.

அதனால நான் தெருவைக் காட்டுவேன். எங்க தெருவுல ஏதாவது வீடு விலைக்கு வந்தா, வீடு பார்க்க ஆள் வர்ற நாளைக்கு முந்தின நாள் தெரு குரூப்ல ஒரு மெசேஜ் போடுவேன். 'நாளைக்குக் காலையில பார்ட்டி வர்றாங்க. வழக்கம் போல.' அவ்வளவுதான். எல்லாருக்கும் அவங்கவங்க வேலை தெரியும். அடுத்த வீட்டுப் பல் டாக்டர் ரெண்டு பையன்களையும் கூட்டிக்கிட்டு வெளிய வந்து கார் கழுவுவார். எங்க குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் பூவாளியோட செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி நிப்பார். அவருக்கு டேப்புன்னு பேரு. ஊர்ல யாரு வேலிச்செடி எவ்வளவு உயரம்னு அளக்கறதுக்கு எப்பவும் இடுப்புல ஒரு அளக்கற டேப்பைச் சொருகி வச்சிருக்கறதால வந்த பேரு. அன்னிக்கு மட்டும் டேப்பை உள்ள வச்சுட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன். மத்த பிள்ளைங்க சைக்கிள் ஓட்டும். என் மக பூங்கா பெஞ்சுல புத்தகத்தோட உட்காருவா. படிக்கிற பிள்ளையைக் கண்டா பெத்தவங்களுக்கு மனசு இளகிடும். அவ புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருந்தாலும் ஒருத்தரும் கவனிச்சதில்லை.

ஏன் இதெல்லாம் செய்யறாங்கன்னு கேட்பீங்க. என் மேல பாசமா? அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. தெருவுல ஒரு வீடு நல்ல விலைக்குப் போனா அவங்க வீட்டு விலையும் ஏறும். பார்ட்டியோட கார் முனை திரும்பினதும் பல் டாக்டர் பாதிக் காரைச் சோப்போட விட்டுட்டு உள்ள போயிடுவார். ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்குவாங்க. மறுநாள் எதிர்ல பார்த்தா தலையை ஆட்டுவோம். அதுதான் எங்க தெரு. எனக்கு அது பிடிச்சுத்தான் இருந்தது. நான் ஒருத்தர் வாசல்ல போய் நிக்கற ரகம் இல்லை.

மூலை வீட்டை மட்டும் நான் மனசுக்குள்ள எனக்குன்னு எடுத்து வச்சிருந்தேன். எங்க வீடு தெருவோட அந்தக் கோடி. என் அடுக்களை ஜன்னலைத் திறந்தா மோட்டார் ரூம் சுவர் தெரியும். மூலை வீட்டு அடுக்களையில ரெண்டு ஜன்னல். ஒண்ணுல பூங்கா, ஒண்ணுல தெரு முழுக்க. அதோட ஓனர் வெளியூர்ல இருந்துகிட்டு வாடகைக்கு விட்டிருந்தார். வாடகைக்கு ஆள் மாறும்போதெல்லாம் நான்தான் திறந்து காட்டுவேன். பார்ட்டி போனதும் கதவை உள்ள சாத்திக்கிட்டு, அடுப்பு மேடையில சாஞ்சு கொஞ்ச நேரம் நிப்பேன். என் பாத்திரமெல்லாம் எந்த அலமாரியில வைக்கணும்னு எனக்குத் தெரியும். என் மக எந்த ஜன்னல்கிட்ட உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான்னு தெரியும்.

கடைசியா ஓனர் விக்கறேன்னு போன் பண்ணினப்ப நான் ஓடிப் போய் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கிட்டே, "இருக்கற வீட்டுக்கே இன்னும் கடன் முடியலை. தெருவோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் போக இன்னொரு கடனா? ஊரே சிரிக்கும்"னார். சரி, அதோட விட்டாரா? அந்த மாசம்தான் என் கொழுந்தனுக்கு இந்த ஊருக்கு மாத்தல் வந்தது. போன்ல தம்பிகிட்ட, "வீட்டுக்கு ஏன்டா அலையறே? எங்க தெருவுலயே மூலை வீடு சும்மாக் கிடக்கு. உங்க அண்ணி காட்டுவா"ன்னு இவரே சொல்றார். நான் பக்கத்துலதான் நிக்கறேன்.

அவங்க வீடு பார்க்க வர்ற நாளைக்கு நான் குரூப்ல மெசேஜ் போடக்கூடாதுன்னுதான் இருந்தேன். தெரு வெறிச்சோடிக் கிடக்கட்டும், அவளுக்குப் பிடிக்காம போகட்டும்னு. ஆனா காலையில வாசல்ல வந்து பார்த்தா, காலித் தெருவைக் காட்டி ஒரு பார்ட்டியை நிக்க வைக்க எனக்கே கூசுது. இத்தனை வருஷத் தொழில். விரல் தானா மெசேஜைத் தட்டிடுச்சு. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னு சொல்வாங்களே, அது நான்தான். என் ஓரகத்தி அந்த ஜன்னல்ல கையை ஊனிக்கிட்டு வெளிய பார்த்தா. பல் டாக்டர் பையன்கள் மேல குழாய்த் தண்ணியைப் பீய்ச்சி அடிக்கறார், அதுங்க கெக்கேபிக்கேன்னு சிரிக்குதுங்க. அவ என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, இங்க எல்லாரும் எப்பவுமே இப்படித்தான் வெளிய இருப்பாங்களா?"ன்னு கேட்டா.

"இருப்பாங்க"ன்னேன். தொழில் வாய், அதுவா சொல்லிடுச்சு.

அவ அதை நம்பிட்டா. கூத்தே அங்கதான் ஆரம்பிச்சது. குடி வந்த ரெண்டாவது நாள் சாயங்காலம் நாலு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல போட்டுட்டு உட்கார்ந்தா. ஒரு ஈ காக்கா வரலை. நான் எங்க வீட்டு மாடியில இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். நல்லா வேணும்னு நினைச்சேன். வேற ஒருத்தியா இருந்தா புரிஞ்சுக்கிட்டு உள்ள போயிருப்பா. இவ எழுந்து போய் டேப்பு வீட்டுக் கதவைத் தட்டறா. "உடம்பு சரியில்லையா சார்? அன்னிக்கு வெளிய நின்னுக்கிட்டு இருந்தீங்களே, இன்னிக்குக் காணோமே"ன்னு கேட்டிருக்கா. மனுஷன் என்ன சொல்வார்? முழிச்சுட்டு, செருப்பைப் போட்டுக்கிட்டு வந்து அவ நாற்காலியில உட்கார்ந்தார். அடுத்து பல் டாக்டர் வீடு. அதுக்கடுத்து எதிர் வீடு. விசாரிக்க வந்தவகிட்ட, 'அது சும்மா உனக்காகப் போட்ட வேஷம்மா'ன்னு எவர் வாயாலயும் சொல்ல முடியலை. வெட்கப்பட்டுக்கிட்டு வெளிய வந்தாங்க. மறுநாளும் வந்தாங்க. அப்புறம் அவ தட்டாமலே வந்தாங்க.

எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான். அவகிட்ட என்னதான் இருக்கு? ஒரு வேலை உருப்படியாச் செய்யத் தெரியாது. பாலை அடுப்புல வச்சுட்டு வாசல்ல பேசிக்கிட்டு நிப்பா, தெரு முழுக்கத் தீஞ்ச வாசனை அடிக்கும். கேக் பண்றேன்னு கரியாக்கி எடுத்துட்டு வந்து, "மேல கொஞ்சம் சுரண்டிட்டுச் சாப்பிடுங்க"ன்னு நீட்டுவா. அதையும் வரிசையில நின்னு வாங்கித் தின்னுதுங்க. வீட்டுக்குள்ள கால் வைக்க இடம் இருக்காது, துவைச்ச துணி சோபா மேல மலையாக் கிடக்கும். அந்தத் துணியைத் தள்ளிட்டு பல் டாக்டர் பையன்கள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுதுங்க. என் வீட்டுல வந்து பாருங்க, தரையில முகம் பார்க்கலாம். பார்க்க ஆள்தான் வர்றதில்லை.

டேப்பு இருக்காரே, என் செடி ரெண்டு விரக்கடை உயர்ந்திருக்குன்னு எனக்கு நோட்டீஸ் ஒட்டின மனுஷன், இவ செடியை இவரே வந்து கத்தரிச்சு விடறார். அளக்காமலே.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கிட்டேன். என் மக விஷயத்துலதான் என்னால முடியலை. ஸ்கூல் பஸ் மூலையிலதான் நிக்கும். இறங்கினா நேரா சித்தி வீடு. இருட்டினப்புறம்தான் நம்ம வீட்டு ஞாபகம் வரும். வந்ததும், "சித்தி இன்னிக்கு என்ன சொன்னாங்க தெரியுமா"ன்னு ஆரம்பிப்பா. "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்"னு எங்க வீட்டுக்காரர் பெரிய ஞானி மாதிரி சொல்றார். அவளுக்குப் பிள்ளை கிடையாது. அப்ப எதுக்காக ஊட்டறா? என் பிள்ளையைத் தன் பிள்ளையா ஆக்கிக்கத்தானே.

போன மாசம் ஒரு சாயங்காலம் நான் ஒரு பார்ட்டிக்கு வீடு காட்டிக்கிட்டு இருந்தேன். போனைச் சத்தமில்லாம வச்சிருந்தேன், தொழில்ல அப்படித்தான் வைப்போம். வெளிய வந்து பார்த்தா ஓரகத்தி விடாம அடிச்சிருக்கா. பதறிப் போய்த் திருப்பி அடிச்சேன். "ஒண்ணும் இல்லைக்கா, பயப்படாதீங்க. நம்ம பாப்பா பெரியவளாயிட்டா. இங்கதான் இருக்கா, நல்லா இருக்கா. நீங்க மெதுவா வாங்க"ன்னா. நான் போய்ப் பார்க்கறேன், என் மக அவளோட நைட்டியைப் போட்டுக்கிட்டு, வயித்துல வெந்நீர்ப் பையை வச்சுக்கிட்டு, அந்த ஜன்னல்கிட்ட உட்கார்ந்து சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கா. ஓரகத்தி அவளுக்குத் தலையும் பின்னிவிட்டிருந்தா.

வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்ததும் கேட்டேன். "ஏன் எனக்கு முதல்ல சொல்லலை?"

"நீ பார்ட்டியோட இருப்பே. போன் எடுக்க மாட்டே."

"அடிச்சுப் பார்த்தியா?"

"இல்லை."

ஒரு தடவை அடிச்சுப் பார்த்திருக்கலாம். எடுக்கலைன்னா அப்புறம் அவகிட்டப் போயிருக்கலாம். அடிச்சே பார்க்கலை. அன்னிக்கு ராத்திரி முழுக்க எனக்கு அதுதான் ஓடிச்சு. விடியறதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். அவ இந்தத் தெருவை விட்டுப் போகணும். என் மக பஸ்ஸை விட்டு இறங்கினா என் வீட்டுக்கு நடந்து வரணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.

ஒருத்தியைத் தெருவை விட்டு அனுப்பறது எனக்குப் பெரிய வித்தையா? அதுதானே என் பிழைப்பு. ஒரு நல்ல பார்ட்டியைப் பிடிச்சேன். கைக்குழந்தைக்காரங்க, எங்க தெருவுலதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறவங்க, கேட்ட விலை கொடுப்பாங்க. கொழுந்தனுக்கு அவர் ஆபீஸ் பக்கத்துல தோட்டத்தோட ஒரு வீட்டைக் காட்டினேன். இந்த வீட்டை வித்தா அந்த வீட்டைத் தாராளமா வாங்கலாம்னு விளக்கினேன். "தினம் போக வர எத்தனை நேரம் ரோட்டுல போகுது உங்களுக்கு. முகமே வாடிப் போச்சு"ன்னேன். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததுன்னு சொல்வாங்க, அந்த ஓநாய்கூட என் அளவுக்கு அழுதிருக்காது. கொழுந்தன் மடங்கிட்டார். "நீங்க சொன்னா சரியா இருக்கும் அண்ணி"ன்னார்.

ஓரகத்திதான் மசியலை. துணி மடிச்சுக்கிட்டே, "இங்க நல்லாத்தானே இருக்கோம் அக்கா. அங்க யாரைத் தெரியும் எனக்கு? இந்த மாதிரி மனுஷங்க எங்க கிடைப்பாங்க"ன்னா.

இந்த மாதிரி மனுஷங்களாம். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. சொல்லிட்டேன். "எந்த மாதிரி மனுஷங்க? நீ வீடு பார்க்க வந்த அன்னிக்கு வெளிய நின்னாங்களே, அது நான் நிக்கச் சொல்லி நின்னது. கார் கழுவினது, செடிக்குத் தண்ணி ஊத்தினது, என் மக படிச்சது, எல்லாம் நான் மெசேஜ் போட்டு ஏற்பாடு செஞ்சது. எல்லாப் பார்ட்டிக்கும் செய்யறதுதான். இந்தத் தெருவுல நான் சொல்லாம ஒருத்தன் வாசப்படி தாண்ட மாட்டான். நீ ஏதோ சொர்க்கம்னு நினைச்சுக்கிட்டு இருக்கே."

அவ கையில இருந்த துணியைக் கீழ வச்சா. அப்புறம், "அப்ப அவங்க எல்லாம் எனக்காக வெட்கப்பட்டுக்கிட்டு வந்தவங்களா அக்கா? நான்தான் புரியாம போய்க் கதவைத் தட்டியிருக்கேன்"னா. அவ முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமா இருந்தது. ஆமா, இருந்தது. மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

"சரிக்கா. நீங்களே பார்த்து முடிச்சுடுங்க"ன்னா.

சனிக்கிழமை குரூப்ல போட்டேன். ஓரகத்தி அந்த குரூப்ல கிடையாது, அவளைச் சேர்க்கணும்னு எனக்குத் தோணினதே இல்லை. 'மூலை வீட்டுக்கு நாளைக்குக் காலையில பார்ட்டி. வழக்கம் போல.' கட்டைவிரலை வரிசையா உயர்த்தினாங்க எல்லாரும். டேப்பு 'கண்டிப்பாக'ன்னு எழுத்துலயே போட்டார். எவ்வளவு ஒழுங்கான ஜனம்னு நானும் ஏமாந்தேன்.

ஞாயித்துக்கிழமை பார்ட்டி வந்து இறங்கினாங்க. புருஷன், பெண்டாட்டி, தோள்ல குழந்தை. நான் சிரிச்ச முகமா வீட்டைப் பத்தி ஆரம்பிக்கறேன், பல் டாக்டர் வீட்டுக்குள்ள டிரில்லிங் மெஷின் ஓட ஆரம்பிச்சது. சுவரைத் தோண்டறாரா மலையைத் தோண்டறாரான்னு தெரியலை. அது நின்னதும் மனுஷன் பனியனோட வெளிய வந்து, "யோவ், என் செடியில கை வச்சா நடக்கறதே வேற"ன்னு கத்தறார். பல்லைப் பிடுங்கும்போதுகூட ஆளுக்கு நோகுமோன்னு மெதுவாப் பேசறவர் அவர். வேலிக்கு அந்தப் பக்கம் டேப்பு, இடுப்புல இருந்து டேப்பைச் சரக்குன்னு உருவிக்கிட்டு, "உன் செடி என் பக்கம் சாயுது, கோர்ட்டுக்கு வா"ங்கறார். பையன்கள் ரெண்டும் ரோட்டுல கட்டிப் புரண்டு ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குதுங்க. எதிர் வீட்டம்மா குப்பைத் தொட்டியைக் கொண்டு வந்து சரியா பார்ட்டியோட கார் பக்கத்துல கவுத்துட்டு, எதுவும் நடக்காத மாதிரி உள்ள போறா.

பார்ட்டியோட புருஷன் டேப்புகிட்டத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தினமும் இப்படித்தானா சார்?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்கறதால கொஞ்சம் பரவாயில்லைங்க"ன்னார் டேப்பு.

நான் அவங்களைத் தள்ளிக்கிட்டுப் பூங்கா பக்கம் போனேன். பெஞ்சுல என் மக. அப்பாடான்னு இருந்தது. கிட்டப் போனா கையில புத்தகம் இல்லை, ஒரு ஸ்பீக்கர், அதுல காது கிழியற மாதிரி ஏதோ பாட்டு. பார்ட்டியோட பெண்டாட்டி குழந்தையோட காதைப் பொத்திக்கிட்டு, "இங்க ஸ்கூல் எல்லாம் எப்படிம்மா?"ன்னு இவளைக் கேட்டா.

"தெரியலை ஆன்ட்டி. நாங்க அடிக்கடி போறதில்லை"ன்னா என் மக.

அப்புறம் என்ன. வீட்டுக்குள்ள எட்டிக்கூடப் பார்க்காம, "யோசிச்சுச் சொல்றோம்"னுட்டு ஏறிப் போயிட்டாங்க. அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு எந்த ஏஜென்ட்டைக் கேட்டாலும் சொல்வாங்க.

கார் போனதும் நான் திரும்பினேன். பல் டாக்டர் பனியனை இழுத்து விட்டுக்கிட்டுத் தரையைப் பார்க்கறார். டேப்பு டேப்பைச் சுருட்டறார். பையன்கள் எழுந்து ஒண்ணு முதுகுல ஒட்டின மண்ணை இன்னொண்ணு தட்டிவிடுது. "யாரு செஞ்ச ஏற்பாடு இது?"ன்னேன். எல்லார் கண்ணும் ஒரே பக்கம் போச்சு. என் மக ஸ்பீக்கரைக் கையில பிடிச்சுக்கிட்டு என் எதிர்ல வந்து நின்னா. கன்னம் துடிக்குது அவளுக்கு, ஆனா பார்வையைத் தாழ்த்தலை. எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. என்கிட்டப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டதை, வீடு வீடாப் போய் அவளே சொல்லிக் கொடுத்திருக்கா. அவளை ஒரு அறை விடணும்னு ஒரு அடி முன்னால வைக்கறேன்.

அதுக்குள்ள ஓரகத்தி ஓடி வந்தா. ஜன்னல்ல நின்னு பூராவும் பார்த்திருக்கா. கண்ணெல்லாம் கலங்கிச் சிவந்திருக்கு, ஒரு கால்ல செருப்பு இருக்கு, ஒரு கால்ல இல்லை. வந்தவ நேரா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா.

"அக்கா, நீங்கதானே?"

எனக்கு ஒண்ணும் விளங்கலை.

"நீங்கதானே சொன்னீங்க, நீங்க சொல்லாம இந்தத் தெருவுல ஒருத்தர் வாசப்படி தாண்ட மாட்டாங்கன்னு. அப்ப இதுவும் நீங்க சொல்லித்தானே செஞ்சிருக்காங்க. எனக்குப் போக மனசில்லைன்னு தெரிஞ்சு, வந்த பார்ட்டியையே துரத்தி விட்டிருக்கீங்க. உங்க பிழைப்பையே கெடுத்துக்கிட்டு இதைச் செய்யணுமா அக்கா எனக்கு?" அவ என் கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

சுத்தி எல்லாரும் நிக்கறாங்க. எல்லாருக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தேன், இல்லைடி, நான் உன்னை அனுப்பத்தான் பார்த்தேன்னு சொல்லிடலாம்னு. சத்தியமாச் சொல்றேன், சொல்லத்தான் திறந்தேன். அவளுக்கு நல்லவளா இருக்கறதைவிட அது எனக்கு எவ்வளவோ நிம்மதியா இருந்திருக்கும்.

"ஆமா சித்தி"ன்னா என் மக. "அம்மாதான் எங்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாங்க."

டேப்பு தொண்டையைச் செருமிக்கிட்டு, "மேடம் சொன்னா நாங்க தட்டுவோமா"ன்னார். பல் டாக்டர், "எனக்குத்தான் கத்த வரலை, மேடம்தான் தைரியம் கொடுத்தாங்க"ன்னார். எதிர் வீட்டம்மாவும் துடைப்பத்தோட வந்து குப்பையைக் கூட்டிக்கிட்டே ஆமா ஆமான்னு தலையாட்டறா. இத்தனை வருஷமா நான் வச்ச வச்ச இடத்துல நின்னு வீடு வித்துக் கொடுத்தவங்க, அன்னிக்கு என்னையே அவகிட்ட வித்துட்டாங்க. அவளும் வழக்கம் போல ஒரு கேள்வி கேக்காம வாங்கிக்கிட்டா.

நாற்காலி போட்டாங்க. என்னை நடுவுல உட்கார வச்சாங்க. அவ காபி போடறேன்னு போய் அதையும் பொங்க விட்டா. "அண்ணிக்கு முதல்ல கொடு"ன்னு கொழுந்தன் சொன்னார். அவருக்கு வந்த நல்ல விலை போனதுல வருத்தம்தான், ஆனா பெண்டாட்டி முகத்தைப் பார்த்துட்டு அவரும் சிரிச்சார். நான் அந்த ஆடை படிஞ்ச காபியைக் குடிச்சேன். நடந்த அத்தனையிலும் ஒரே ஒரு விஷயம்தான் எனக்குத் தித்திப்பா இருந்தது. என் மக எனக்காகப் பொய் சொன்னா. அத்தனை பேர் முன்னால நான் அவமானப்படக்கூடாதுன்னு சொன்னா. என்ன இருந்தாலும் பெத்த பிள்ளை. ஓரகத்தி எத்தனை தடவை தலை பின்னிவிட்டாலும், எத்தனை வெந்நீர்ப் பை வச்சாலும், கடைசியில தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். அந்த நினைப்புலயே வீட்டுக்கு நடந்து வந்தேன். பின்னாலேயே என் மகளும் வந்தா.

உள்ள வந்ததும், திட்டப் போறேன்னு நினைச்சு அவ சுவத்தோரமா நின்னா. நான் திட்டலை. பக்கத்துல போய் தலையைத் தடவினேன். ரொம்ப நாளைக்கப்புறம். "அப்படி ஏன்டி சொன்னே?"ன்னு கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். இருந்தாலும் அவ வாயால கேக்கணும்னு இருந்தது.

"பாவம்மா சித்தி"ன்னா. "நீ அவங்களை அனுப்பப் பார்த்தேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. அதான் சொன்னேன்."

என் கை அவ தலையிலயே நின்னு போச்சு. அவ மெல்ல நகர்ந்து, ஸ்பீக்கரை மேசை மேல வச்சுட்டு, வாசல்ல போய்ச் செருப்பை மாட்டினா.

"எங்க கிளம்பிட்டே?"

"சித்தி வீட்டுக்கு. ஒத்தைச் செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. எடுத்துக் கொடுத்துட்டு வர்றேன்."

போகாதேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "சரி, போ"ன்னேன்.